நைஜீரியா டீச்சரின் அட்டைகள்

அவர் எதற்கும் பொருள் சொல்லமாட்டார். அவரைப் பற்றி எங்கள் ஊரில் உலவிய கதைகள் எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து கிளம்பியவைதான்.

ஒரு அட்டையை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடிப்பார். அதில் ஒரு கோழி இருக்கும். "அதியே" என்பார். பிறகு காத்திருப்பார். நீங்கள் "கோழி" என்று சொன்னால் தலையாட்டமாட்டார். ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே கதைதான். மறுபடி "அதியே" என்பார், மறுபடி காத்திருப்பார். எதிரே இருப்பவர் அட்டையைப் பார்த்து "அதியே" என்று சொல்லும்வரை அந்தக் கோழி கீழே இறங்காது. வலயக் கல்வி அலுவலகத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், பெரும்பாலும் மற்றவர்களைக் காக்க வைத்த அனுபவத்தில். ஆனால் இந்தப் பெண்மணி காத்திருந்ததைப் போல யாரும் காத்திருந்து நான் கண்டதில்லை. எதிரே இருப்பவருக்கு விடை வந்தே தீரும் என்று நம்பிக் காத்திருப்பார்.

அவருடைய கணவன் என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்தவன். கணித ஆசிரியன். எங்கள் நாட்டு ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன காலத்தில் அவனும் சம்பளமற்ற விடுமுறையில் போனான். விடுமுறை முடிந்தும் திரும்பவில்லை. ஆகவே விதிப்படி பதவியை விட்டுச் சென்றவனாகக் கருதப்பட்டான். பல வருடங்கள் கழித்து அவன் திரும்பி வந்தபோது கூடவே யொருபா மொழி பேசும் ஒரு முஸ்லிம் மனைவியும், இரண்டு சிறு பெண் குழந்தைகளும், மேன்முறையீட்டுக் கடிதமும் வந்தன. கடிதத்தை நான் பார்த்துக்கொண்டேன். மனைவியை ஊர் பார்த்துக்கொண்டது.

ஊர் என்றால் கல்முனைக் கடற்கரைப் பக்கம். எங்களிடையே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடு பெண்ணுடையது, பெண்ணின் தாய் தகப்பன் கட்டிக் கொடுப்பது. இவருக்கு இந்த ஊரில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆகவே என் நண்பன் தன் உழைப்பில் கடற்கரை ஓரமாக ஒரு வீடு கட்டி, அதை மனைவியின் பெயரில் எழுதி, பிறகு அதற்குள் முறைப்படி மாப்பிள்ளையாகக் குடிபுகுந்தான். தனக்குத் தானே சீதனம் கொடுத்துக்கொண்ட ஒரே ஆண் என்ற பெயர் அவனுக்குக் கடைசிவரை இருந்தது.

அவர் வந்த புதிதில் அயலிலுள்ள வயதான பெண்கள், எங்கள் ராத்தாமார், வரிசையாக வந்து அவரைப் பார்த்தார்கள். நபிகளின் காலத்தில் முதல் பாங்கு சொன்ன பிலால் நாயகம் பிறந்த மண்ணிலிருந்து வந்த பிள்ளை என்று அவரது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிலால் நாயகத்தின் பூர்வீகம் ஆபிரிக்காவின் கிழக்கே, இந்தப் பெண் வந்தது மேற்கேயிருந்து, நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன சேர், ஒரே மண்தானே" என்று ஒரு ராத்தா என் புவியியலை முடித்துவைத்தார்.

அங்கே அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இங்கும் படிப்பிக்க வேண்டும் என்று என் அலுவலகத்துக்கு வந்தார். நான் நடைமுறையை விளக்கினேன். சான்றிதழுக்குச் சமநிலை உறுதி தேவை, அதற்கு அங்குள்ள கல்லூரியின் கடிதம் தேவை, எல்லாம் சரிவந்தாலும் வெளிநாட்டுப் பிரஜைக்கு நிரந்தர நியமனம் கிடையாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட துணைச்சாதனங்களைப் பார்க்க ஏலுமா?" என்று கேட்டார். எங்களிடம் கற்பித்தல் துணைச்சாதனங்கள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பொருட்பதிவு இலக்கம் இருந்தது. அலுமாரிக்குப் பூட்டு இருந்தது. சாவி வைத்திருந்த எழுதுவினைஞர்தான் அன்று விடுமுறை. டீச்சர் கண்ணாடிக் கதவு வழியாக உலக உருண்டையையும் மரத்தாலான பழங்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா இரிக்கி" என்றார். அது பாராட்டு இல்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

நியமனம் கிடைக்காதவர் வீட்டிலேயே வகுப்பை ஆரம்பித்தார். மாணவர்கள் அவருடைய இரண்டு மகள்கள்தான். மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும் முன் அறையில் பாய் விரித்து, பிறிஸ்டல் போட் என்கிற தடித்த தாளில் தானே வரைந்த அட்டைகளை எடுப்பார். ஒவ்வொரு அட்டையிலும் மேலே படம். அதன் கீழே, சில எழுத்துக்களுக்கு அடியில் புள்ளி வைத்த யொருபாச் சொல். அதற்கும் கீழே மூன்று கோடுகள், கோடுகளில் தடித்த பொட்டுகள். அந்த மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் சொல்லின் பகுதியாம். எந்த அசையை உயரத்தில் சொல்வது, எதைப் பள்ளத்தில் சொல்வது என்று அந்தப் பொட்டுகள் காட்டும். அயல் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் அந்த ஒழுங்கைத் தெருவில் எந்தப் பிள்ளையும் கோழியை யொருபாவில் விரட்டும் என்ற நிலை வந்தது.

ஒருநாள் நான் கேட்டேன். "எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? இந்த ஊர்ல இந்த மொழியில யாரோட கதைக்கப் போறாங்க இதுகள்?"

"என்னோட, காக்கா." எங்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் என்னை அப்படித்தான் அழைப்பார்.

"உங்களோடதான் தமிழ்ல கதைக்கிறாங்களே. நீங்களும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் கதைக்கிறீங்க."

"தமிழ்ல நான் விருந்தாளி. விருந்தாளிக்குப் புள்ளைய ஏச ஏலாது. ஏசினாலும் புள்ள பயப்படாது."

உள்ளேயிருந்து மூத்த மகள், "உம்மா தமிழ்ல ஏசினா எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும் மாமா" என்றாள். உடனே அவர் யொருபாவில் இரண்டு சொல் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தது.

பொருள் சொல்லிக் கொடுத்தால் இன்னும் விரைவாகப் படித்துவிடுவார்களே என்று அலுவலக முறையில் ஆலோசனை சொன்னேன். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் பிள்ளை அதை வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும் என்றார். அவர் எடுத்துக்காட்டியது வாழைப்பழத் தோலை.

படங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. மார்க்கக் கல்வி முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒரு இளைஞர் என் நண்பனைப் பள்ளிவாசல் வாசலில் பிடித்து, உயிருள்ளவற்றைக் கண்ணும் முகமுமாக வரைவது சரியில்லை என்று மரியாதையாகவே சொன்னார். நண்பன் கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். டீச்சர் தர்க்கம் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது எல்லாப் பிராணிகளும் திரும்பி நின்றன. கோழியின் வால், ஆட்டின் பின்புறம், மாட்டின் முதுகும் தொங்கும் வாலும். எந்த முகமும் இல்லை. ஒடே என்கிற வேட்டைக்காரன்கூட, தோளில் நீளத் துவக்கோடு, எங்கோ அவசரமாகப் போகிறவனைப் போல முதுகு காட்டி நின்றான். "எல்லாம் எங்களோட கோவிச்சிட்டுப் போகுது" என்றாள் சின்ன மகள். அந்த இளைஞர் வந்து பார்த்தார். பின்பக்கத்தைப் பற்றி அவர் படித்த நூல்களில் எதுவும் இல்லை போலும். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். சில நாட்களில் அவருடைய மகனும் பாயில் வந்து உட்கார்ந்தான்.

கண், முகம் ஆகிய இரண்டுக்கும் அங்கே ஒரே சொல், ஒஜு. அதற்கு மட்டும் திரும்பி நிற்கிற படம் வரைய வழியில்லை. அந்த அட்டையை எடுத்துவிட்டார். அந்தச் சொல் வரும்போது விரலை நீட்டி உங்கள் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவருவார். பழக்கமில்லாதவர்கள் பின்னால் சாய்வார்கள்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர்கள் நால்வரும் சம்மாந்துறையில், நண்பனின் சகோதரி வீட்டில் இருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். வீடு இருந்த இடத்தில் தரையும் கிணறும் எஞ்சின. அந்த ஒழுங்கையில் எஞ்சிய மனிதர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பாயில் உட்கார்ந்த பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாடசாலை ஒன்றில் அகதி முகாம் போட்டோம். பதிவு வேலையை நான் செய்தேன். நிவாரணப் பெட்டிகள் வந்து குவிந்த இரண்டாவது வாரத்திலேயே டீச்சர் என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார். பிஸ்கட் பெட்டி, பால்மாப் பெட்டி, மருந்துப் பெட்டி என்று கிடைத்த அட்டைகளை எல்லாம் சதுரமாக வெட்டினார். வெற்றுப் பக்கத்தில் படம். மறுபக்கத்தில் பல நாட்டு எழுத்துக்கள், முத்திரைகள், இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்பதற்கான அம்புக்குறிகள். முகாமின் ஒரு மூலையில் மறுபடியும் கோழி முதுகு காட்டி நின்றது, மறுபடியும் அவர் காத்திருந்தார். பழைய அட்டைகள் எல்லாவற்றையும் அவர் திரும்ப வரைந்தார், ஒன்றைத் தவிர. கடலுக்கு அட்டை செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் பொருள் சொல்லவில்லை.

பிறகு உள்பக்கமாக ஒரு வீட்டுத்திட்டத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் அமைதி என்று வானொலி சொன்னது, ஆனால் சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. பெட்டி அட்டைகள் மூலை மடங்கத் தொடங்கவே, அவற்றை லெமினேட் பண்ண வேண்டும் என்றார் அவர். "இனித் தண்ணி வந்தாலும் மிதக்கணும்." என் நண்பன் ஒரு துணிப் பையில் எல்லா அட்டைகளையும் போட்டுக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினான்.

சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள். மற்றவர்கள் பையில் கத்தரிக்காய் இருந்தது. இவனுடைய பையில் வீடு, கிணறு, பாதை, பாலம், லொறி, துவக்கோடு முதுகு காட்டிப் போகும் ஆள், எல்லாவற்றுக்கும் அடியில் யாருக்கும் புரியாத எழுத்து, கோடுகளில் பொட்டு, பின்னால் அம்புக்குறி. என்ன இது என்று கேட்டார்கள். மனைவியின் மொழி என்றான். மனைவி எங்கே பிறந்தவர் என்று கேட்டார்கள். நைஜீரியா என்றான். உண்மை பேசுவதில் உள்ள ஆபத்தைக் கணித ஆசிரியர்கள் அறிவதில்லை. பஸ் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

அதே பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லித்தான் செய்தி தெரிந்தது. டீச்சர் நேரே என் வீட்டுக்கு வந்தார். அழவில்லை. முக்காட்டின் ஓரத்தை மட்டும் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

நான் மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவற்றைச் சொல்லத் தொடங்கினேன். "முதல்ல கிராம சேவகர்ட கடிதம். அதுக்குப் பிரதேச செயலாளர்ட மேலொப்பம். பள்ளிவாசல் தலைவர்ட கடிதம். உங்கட கலியாணச் சான்றிதழ்ட உறுதிப்படுத்தின பிரதி..."

"காக்கா, அதெல்லாம் நாளைக்கு. மனிசன் இண்டைக்கு உள்ளுக்கு இரிக்கார்."

அவர் சொன்னது சரி. அந்நாட்களில் உள்ளே போன ஒருவர் இரவைத் தாண்டிவிட்டால், மறுநாள் எந்த முகாமில் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலரைப் பற்றி இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பேனையை மூடிவிட்டு அவரோடு கிளம்பினேன்.

இராணுவ முகாமில் ஒரு நடுத்தர வயது அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். அட்டைகள் மேசையில் பரப்பிக் கிடந்தன. அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்படி யாரோ அடுக்கிப் பார்த்திருந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், இவை எந்த இடங்கள், இந்தப் பொட்டுகள் என்ன கணக்கு, துவக்கோடு போகிறவன் யார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைந்து அதற்கான சம்பள ஏற்றத்தை ஆண்டாண்டாகப் பெற்றவன் நான். அந்தச் சிங்களம் ஒரு மனிதனுக்கு உதவப்போகும் முதல் தருணம் இது என்று தொண்டையைச் செருமினேன்.

"காக்கா, சொல்லாதீங்க" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர் இது? கேக்கிறார், பதில் சொல்லத்தானே வேணும்!"

"நீங்க சொன்னா அது நம்மட சொல். நம்பினாலும் நம்புவார், நம்பாமலும் போவார். இவருக்கே தெரியணும்."

மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நெஞ்சளவுக்கு உயர்த்தினார். வீடு. "இலே" என்றார். காத்திருந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளே கணவன் இருக்கிறான், வெளியே இந்தப் பெண் ஒரு ஆயுதம் தாங்கிய மனிதருக்கு ஆரம்ப வகுப்பு எடுக்கிறார். எந்தச் சுற்றுநிருபத்திலும் இதற்கு இடமில்லை. அதிகாரி வீடு என்பதற்குரிய சிங்களச் சொல்லைச் சற்று எரிச்சலோடு சொன்னார். டீச்சர் தலையாட்டவில்லை. "இலே." வாசலில் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கினான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அட்டை இறங்கவில்லை.

"இலே" என்றார் அதிகாரி.

டீச்சர் தலையாட்டினார். அதிகாரியின் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைத் தொட்டு, "ஒமி." சொன்னார் அதிகாரி. யன்னல் வழியே முற்றத்தில் நின்ற இராணுவ லொறியைக் காட்டி, "ஒக்கோ." சொன்னார், ஆனால் குரல் ஏறிவிட்டது. டீச்சர் லொறி அட்டையின் கோடுகளில் விரலை வைத்து, முதல் பொட்டிலிருந்து இரண்டாவது பொட்டுக்கு இறக்கிக் காட்டினார். அதிகாரி இறக்கிச் சொன்னார். சட்டென்று அட்டையைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். இன்னொரு அட்டையை எடுத்தார், பொட்டுகளில் விரல் வைத்துத் தனக்குள்ளே முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இவை குரலுக்கான அடையாளங்கள், மேல் கோடு உயரம், கீழ் கோடு தாழ்வு என்று எனக்குச் சிங்களத்தில் விளக்கம் தந்தார். நான் புதிதாகக் கேட்பவன் போல நன்றி சொன்னேன்.

அப்போதுதான் டீச்சர் விரலை நீட்டி அவருடைய கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வாசலில் நின்றவனின் கை துவக்கில் இறுகியது. அதிகாரி சாயவில்லை.

"ஒஜு."

"ஒஜு" என்றார் அவர்.

மேசையில் கிடந்த ஒரு தாளை டீச்சர் மறுபுறம் திருப்பி, அதன்மேல் பென்சிலை வைத்து அதிகாரியிடம் தள்ளினார். "ஒக்கோ ஒஜு ஒமி." வரையும்படி கையால் காட்டினார். காத்திருந்தார்.

அதிகாரி முதலில் ஒரு லொறியைக் கீறத் தொடங்கி, நிறுத்தி, வெட்டினார். "ஒக்கோ" என்று முணுமுணுத்தார். வாகனம். தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். அதன் மேற்பரப்பு மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தண்ணீரின் முகத்தில் போகிற வாகனம். தன்னையறியாமல் சிரித்துவிட்டு வரைய ஆரம்பித்தார். ஒரு தோணி. சமநிலைக்குப் பக்கத்தில் மரக்கட்டை பிணைத்த, தெற்குக் கரையில் ஓடும் வகை. நிறுத்தவில்லை. பாய் வைத்தார், பாய்க்குக் கயிறு, கயிற்றுக்கு முடிச்சு. "எங்கள் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்தது" என்றார். அன்று நான் மொழிபெயர்த்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

டீச்சர் அட்டைகளுக்கிடையே தேடித் தன்னுடைய தோணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதன் கீழே அவர் சொன்ன மூன்று சொற்களும் எழுதியிருந்தன. அவருடைய தோணி ஒரு பழைய சப்பாத்தைப் போல இருந்தது. அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், வாசலில் நின்றவனும் சிரித்தான். துவக்கோடு போகிறவனுக்கு விளக்கம் தர டீச்சர் எழுந்து, பதுங்கிப் பதுங்கி மேசையைச் சுற்றிப்போய் மான் அட்டையைக் குறிவைத்தார். பெட்டி அட்டையின் அம்புக்குறிகளை அதிகாரி தானே திருப்பிப் பார்த்து, பால்மாவின் பெயரை வாசித்து, அவற்றை அப்படி அடுக்கியவன் யார் என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

பிறகு ஆளைக் கொண்டுவரச் சொன்னார்.

விடுவிப்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. பொறுப்பேற்கும் நபர் ஒப்பமிட வேண்டும். வாசிக்காமல் எதிலும் ஒப்பமிடாதே என்று என் கீழ் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். காட்டிய இடத்தில் எல்லாம் ஒப்பமிட்டேன். இன்றுவரை அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. டீச்சர் அட்டைகளை எண்ணாமல் பையில் போட்டார். அதிகாரி வரைந்த தாளையும் கேட்டு வாங்கினார். அது அரச காகிதம், வெளியே கொண்டுபோகக் கூடாதது. அதிகாரியும் நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முகாமின் வாயிலுக்கு நண்பன் வந்தபோது சேர்ட்டுப் பொத்தான்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. பெல்ட் ஒரு கையில், செருப்புகள் மறு கையில். அவற்றைக் காலில் போடலாம் என்பதே நினைவில்லாதவனாக வெயிலில் நின்றான். டீச்சர் அவனுக்கு எதிரே போய் நின்று உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். தோளைத் தொட்டார்.

"எக்கு எவு" என்றார்.

அவன் தலையை ஆட்டினான்.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்கு எந்த அட்டையும் அவரிடம் இருக்கவில்லை. உள்ளேயிருந்து தப்பி வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கும் அவனை ஒருமுறை பார்த்தேன். பொருள் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"எக்கு எவு, மச்சான்" என்றேன் நானும்.

"கடைசியில கீழ இறக்காதீங்க காக்கா" என்றார் டீச்சர். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். வாயிலில் நின்ற சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறக்காமல் திரும்பச் சொன்னேன்.